மாப்ள பாதியில விட்டுட்டுப் போன ஆறு

அவன் பேரப் போட வேண்டாம்னு தங்கச்சி, அதான் அவன் சம்சாரம், சொல்லீருச்சு, அதனால மாப்ளன்னே எழுதறேன். எப்படியும் 22 வருசமா நான் அவன அப்படித்தான் கூப்பிட்டேன், அவனும் என்னைய அப்படித்தான். சொந்தமெல்லாம் இல்லீங்க. 2001ல ஒரு கல்யாணத்துக்கு நான் மைக் செட் போடப் போயிருந்தேன், அவன் வீடியோ எடுக்க வந்திருந்தான், முகூர்த்த நேரம் பாத்து என்ர ஒயர அவன் கால் தட்டி உட்டு நாதஸ்வரம் பாதியில அமுந்து போச்சு, மண்டபமே எங்க ரெண்டு பேரையும் திரும்பிப் பாத்துது. பந்தியில பக்கத்து பக்கத்து எலையில உக்காந்து மொறச்சுக்கிட்டே தின்னோம். ரசம் ஊத்தறப்ப அவன் சிரிச்சுட்டான், எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அவ்வளவுதான், அப்படி ஆரம்பிச்சது.

எனக்கு சென்னிமலை பக்கம் ரேடியோ செட் கடை, அப்பா காலத்துல இருந்து. அவனுக்குத் திருப்பூர்ல கல்யாண வீடியோ. ஆடியும் மார்கழியும் கல்யாணம் இருக்காது, அவனுக்கு அந்த ரெண்டு மாசம்தான் லீவு. எனக்கு என்னடான்னா ஆடில மாரியம்மன் கோயிலு, மார்கழில விடியக்காலம் பெருமாள் கோயில் பாட்டுன்னு அப்பத்தான் வேலையே, ஆனாலும் கடைய பையன் தலையில கட்டீட்டு அவங்கூட கெளம்பீருவேன். சும்மா சுத்தறதுக்கு இல்லீங்க. அவங்கிட்ட கேமரா இருந்துது, எங்கிட்ட சத்தம் புடிக்கத் தெரிஞ்ச காது இருந்துது, ரெண்டையும் சேத்து எங்க ஊரப் பத்தி சின்னச் சின்னதா படம் எடுத்தோம். துடும்பு அடிக்கிறவங்களப் பத்தி ஒண்ணு, சென்னிமலை தறிப் போர்வை பத்தி ஒண்ணு, காங்கயம் பக்கத்துல கொரங்காடுன்னு சொல்ற மேச்சல் காட்டுக் கிளுவை வேலி பத்தி ஒண்ணு. பத்துப் பன்னெண்டு நிமிசம்தான் ஒவ்வொண்ணும். பெருசா யாரும் பாக்கல, வேலி படத்த மட்டும் எப்படியோ நெம்பப் பேரு பாத்தாங்க, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ஆனா அவனுக்கு உசுரு நடக்கறதுலதான். வருசா வருசம் மாசி மாசம் வெள்ளியங்கிரி, ஏழு மலையும். நடுவுல நேரம் கெடச்சா வால்பாறைப் பக்கம், பர்கூர்ப் பக்கம். ஒரு ஸ்பிளெண்டரு, அதுல பின்னாடி கட்டுன ஒரு பை, அதுக்குள்ள கடலை மிட்டாய், உப்பு, ஒரு நைலான் கயிறு, ரெண்டு டார்ச்சு. ஏன்டா ரெண்டுன்னு கேட்டா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு மறந்துட்டு வர்ற உனக்குன்னுவான். நானும் ஒவ்வொரு தடவையும் மறந்துட்டுத்தான் போயிருக்கறேன்.

மலைக்கு அவன் வெச்சிருந்த கணக்கு ஒண்ணு இருக்குது, அத முதல்ல சொல்லீர்றேன், வெள்ளியங்கிரி போறவங்களுக்கு ஆகும். ஏறும்போதே திரும்பற நேரத்தப் பேசி வெச்சுக்கோணும். இன்னேரத்துக்குள்ள உச்சிக்குப் போகலைன்னா எங்க நிக்கறமோ அங்கிருந்தே கும்புட்டுட்டு எறங்கீரோணும், சாமி கோவிச்சுக்காது. பூண்டியில இருந்து மேல ஏறுனா கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர்தான், கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா முதல் மலைப் படிக்கட்டுலயே பாதிப் பேரு நாக்கு தள்ளீருவாங்க. ராத்திரி ஏறி விடியறப்ப உச்சியில நிக்கறதுதான் எல்லாருக்கும் ஆச, வேர்த்து நனஞ்ச சட்டையோட அந்தக் காத்துல உக்காந்தீங்கன்னா கைகால் வெறச்சுப் போயிரும், அதனால காஞ்ச பனியன் ஒண்ணு பாலித்தீன் கவருல இல்லாம துணியில சுத்தி எடுத்துக்கோங்க, கீழயே பிளாஸ்டிக் செக்கிங் இருக்குது. மூங்கில் தடி ஏறறதுக்குன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. எறங்கறதுக்குத்தாங்க தடி, முட்டி போறது எறக்கத்துலதான்.

இத்தன கணக்கு பாத்தவன் ஒண்ண மட்டும் பாக்கல, நானுந்தான் பாக்கல.

2023 மாசியில ஏறறப்ப அஞ்சாவது மலையில உக்காந்துட்டான். நெஞ்ச இங்க புடிக்குதுடான்னான். இங்கன்னு அவன் காட்டுனது ஒரு வெரல வெச்சு இல்ல, உள்ளங்கைய விரிச்சு நடு நெஞ்சுல வெச்சான், அது இப்பவும் எங்கண்ணுல நிக்குது. அஞ்சு நிமிசம் உக்காந்தான், செரியாப் போச்சு, முந்தின நாள் தின்ன பிரியாணி மேல பழியப் போட்டுட்டு எந்திரிச்சு நடந்தான், உச்சி வரைக்கும் போயிட்டும் வந்துட்டோம். அப்பறம் வைகாசிக் கல்யாண சீசன்ல கேமரா பையத் தூக்குனா எடது தோள்பட்ட வலிக்குதுன்னான், சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவிக்கிட்டான். 44 வயசு, பீடி சிகரெட் இல்ல, தொப்ப இல்ல, மலையேறறவன். யாருக்குங்க சந்தேகம் வரும்?

இப்ப எனக்குத் தெரியறது இதுதான், ஒரு டாக்டர் உக்கார வெச்சு சொன்னது. ஏறறப்ப, வெயிட்டு தூக்கறப்ப நெஞ்சோ தோளோ தாடையோ புடிச்சு, உக்காந்தா செரியாயிருதுன்னா அது கேஸ் இல்லீங்க, ரத்தக் கொழா அடைக்கறதுக்கு முன்னாடி அடிக்கற மணி. கேஸ் நீங்க நடந்தா வந்து நின்னா போறதுன்னு கணக்கெல்லாம் வெச்சுக்காது. அப்பிடி இருந்தா அடுத்த மலைக்குத் தேதி குறிக்காம டாக்டர்கிட்டப் போயி ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டா டிரெட்மில் டெஸ்ட்டு பாத்துருங்க. சும்மா உக்காந்திருக்கறப்ப எடுத்த ஈசிஜி நல்லா இருக்குதுன்னு ஒரு தடவையிலயே நிம்மதி ஆயிரவும் கூடாதுன்னாரு.

ஜூன் மாசம் ஒரு செவ்வாக்கெழம. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கறான், பனியன் நனஞ்சு போற அளவுக்கு வேர்வை. தங்கச்சி பயந்து போயி என்னன்னு கேக்க, வாயுன்னு சொல்லி கோலி சோடா ஒடைக்கச் சொல்லியிருக்கறான். அப்பறம் சித்த நேரம் நடந்திருக்கறான், திரும்பப் படுத்திருக்கறான். ஏழு மணிக்குப் பக்கத்துல ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கறாங்க, அங்க ஈசிஜி மெசினு இல்ல, ஒரு ஊசியப் போட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பீட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒம்பதரை. அஞ்சரை மணி நேரம். 108க்கு ஒரு போன் போட்டிருந்தா வந்திருக்கும், ஆனா விடியக்காலத்துல தெருவுல சைரன் அடிச்சா அக்கம்பக்கம் என்ன நெனைக்கும்னு அவனே வேண்டாம்னுட்டானாம். நெஞ்சு வலியோட வர்றவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மொதல் டோஸ் மாத்திரை குடுத்து அனுப்பற இதயம் காப்போம் திட்டத்த நம்ம கவர்மெண்டு கொண்டாந்ததும் அதே 2023தான். இத நான் கடை சுவத்துல எழுதி ஒட்டியிருக்கறேன், சீரியல் லைட்டு வாடகைக்குக் கேக்க வர்றவங்க எல்லாம் படிச்சுட்டுத்தான் போறாங்க. வேர்வையோட நெஞ்சு வலின்னா சோடா இல்ல, 108.

அவன் எழவுக்கு மைக் செட் யாரு போடறதுன்னு பேச்சு வந்துது. அவங்க சித்தப்பா, வெளிய ஆளச் சொல்லீர்லாம் கண்ணு, நீ சும்மா இருன்னாரு. நான் கேக்கல. ஏணி போட்டு வேப்ப மரத்துல நானே ரெண்டு கொழாயக் கட்டுனேன், ஒயர இழுத்து யாரு காலும் படாத மாதிரி செவுத்து ஓரமா டேப் அடிச்சு ஒட்டுனேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லோணும். அவன் போனப்ப நாங்க பேசிக்கிட்டு இல்ல.

நொய்யல நடந்தே படம் எடுக்கறதுன்னு 2021 மார்கழியில ஆரம்பிச்சோம். வெள்ளியங்கிரி மலையில இருந்து வர்ற ஓடைங்க கூடற கூடுதுறையில தொடங்கி, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற ஊருகிட்ட காவேரியில கலக்கற வரைக்கும், கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். வண்டி கெடையாது, கரையோரமா காலு நடைதான், ரெண்டு ரெண்டு நாளாப் பிரிச்சு. யோசன அவனோடது. நம்ம ஊருல பாலத்து மேல பஸ்ல போறப்ப மூக்கப் பொத்திக்கிட்டுப் பாக்கற சாக்கடைக்குத்தான் காஞ்சிமாநதின்னு பழைய பேரு, அது எந்த எடத்துல ஆறா இருந்து சாக்கடையா மாறுதுன்னு நம்ம காலுக்குத் தெரியோணும்டான்னான்.

கூடுதுறை காட்டுக்குள்ள இருக்குது. பர்மிஷனுக்கு அலஞ்சு, வனத்துறை வாட்ச்சர் ஒருத்தர் கூட வந்தாரு. போன அரை மணி நேரத்துல அவரு கைய மட்டும் பின்னாடி நீட்டி நிறுத்துனாரு, வாயத் தொறக்கல. எனக்கு ஒண்ணும் தெரியல, ஹெட்போன்ல மட்டும் மூங்கில் ஒடையற சத்தம் கேட்டுது, அதுவும் நான் நெனச்சதவிட நெம்பப் பக்கத்துல. மாப்ள கேமராவ ஆஃப் பண்ணீட்டு அப்படியே குத்த வெச்சு உக்காந்துட்டான். நாப்பது நிமிசம். கேமராவத் தூக்கிக்கிட்டு முன்னாடி போவான்னு நெனச்சேன், ஏன்டா எடுக்கலைன்னு பின்னால கேட்டதுக்கு, அது நம்ம படத்துல நடிக்க ஒத்துக்கலையே மாப்ளன்னான். அந்த மலையடிவாரத்துல நரசீபுரம், தொண்டாமுத்தூர்ப் பக்கமெல்லாம் தோட்டத்துக்கே யானை வரும். விடியறதுக்கு முன்னாடியும் பொழுது சாயறப்பவும் நடக்காதீங்க, ஆனையப் பாத்தா போன எடுக்காதீங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு வந்த வழியே சத்தமில்லாம ஒதுங்கிப் போயிருங்க.

அவங்கிட்ட ஒரு பழக்கம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி கேமராவ ஓட உட்டு வாயில சொல்லுவான், எடம், கெழம, நேரம், காத்து எப்படி. கிளாப் போர்டு வாங்கக் காசில்லாம ஆரம்பிச்சது. 'சித்திரைச்சாவடி, சனிக்கெழம, காலைல ஏழு இருபது, காத்து இல்ல, மாப்ளைக்குப் பசி.' இப்படி. ஷாட் முடிஞ்சதும் உடனே கட் பண்ணவும் மாட்டான், பத்து செகண்டு, இருவது செகண்டு ஓடிக்கிட்டே இருக்கும், அதுல தும்முவான், செருப்புல முள்ளு எடுப்பான், என்னையத் திட்டுவான். மெமரி கார்டு வேஸ்ட் ஆகுதுடான்னு எத்தன தடவ சண்ட போட்டிருப்பேன். நான் சத்தக்காரன், ஒவ்வொரு எடத்துலயும் முப்பது செகண்டு எல்லாரும் வாய மூடிக்கிட்டு நிக்கோணும்பேன், எடிட்டிங்ல வெட்டு தெரியாம ஒட்டறதுக்கு அந்த வெறுஞ்சத்தம் வேணும். அவனால முப்பது செகண்டு சும்மா இருக்க முடியாது. எல்லாப் பதிவுலயும் இருவத்தஞ்சாவது செகண்டுல ஒரு 'ஆச்சா?' இருக்கும்.

பேரூர், கோயமுத்தூர் குளங்க, சிங்காநல்லூர், சூலூர், சாமளாபுரம், மங்கலம், திருப்பூர்னு ஒண்ணரை வருசத்துல வந்துட்டோம். காத்துக்கு மைக்கு மேல போடற ஃபர் கவர் வாங்கக் காசில்லாம எம்பொண்ணோட பழைய குல்லாயப் போட்டு ரப்பர் பேண்ட் சுத்தியிருந்தேன், இன்னிக்கும் அதுதான், நல்லாவே வேலை செய்யுது. மயிலுக்கு மட்டும் மருந்தில்ல. காங்கயம் பக்கத்து இட்டேரிக்குள்ள, ரெண்டு பக்கமும் வேலி இருக்கற அந்தத் தடத்துக்குள்ள நொழஞ்சுட்டா மயில் அகவாத ஒரு நிமிசம் கெடைக்காது. கொடுமணல்ல ஒரு பகல் முழுக்க உக்காந்திருந்தோம், பதிற்றுப்பத்து கொடுமணம்னு பாடுன ஊரு, கல்மணி அறுத்தும் இரும்பு உருக்கியும் பொழச்ச ஊரு, தோண்டி எடுத்ததெல்லாம் எடுத்துப் போனதுக்கப்பறம் இப்பப் பாத்தா மேச்சக்காடு மாதிரித்தான் இருக்குது. அங்க ஒரு ஆத்தா ஆடு மேச்சுக்கிட்டு இருந்தாங்க, எதுக்குங் கண்ணு இதப் படம் புடிக்கறீங்க, தண்ணியே இல்லியேன்னாங்க. அதுதாங்காத்தான்னான் மாப்ள.

ஒரத்துப்பாளையம் அணையிலதான் சண்டை. 1992ல பாசனத்துக்குன்னு தொறந்த அணை, திருப்பூர்ச் சாயத் தண்ணி வந்து தேங்கி, கீழ இருக்கற காட்டையும் கெணத்தையும் கெடுத்த கத எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னப்ப எங்க கடைக்கே பொழப்பு இல்லாமப் போச்சு, பட்டறை நின்னா திருப்பூர்ல கல்யாணச் செலவு கொறையும், கல்யாணச் செலவு கொறஞ்சா மைக் செட்டு எதுக்கு? அதனால எனக்கு ரெண்டு பக்கமும் கோவம் இருந்துது, அத பூராம் வாய்ஸ் ஓவர்ல பேசோணும்னேன். அவன் வேண்டாம்னான், அந்தக் கரையில வெள்ளையாப் படிஞ்சு கெடக்கற உப்ப க்ளோசப்ல காட்டுனாப் போதும், நீ எதுக்குக் கத்தறேன்னான். அதோட உட்டிருக்கலாம். மீதிய நடக்க வேண்டாம், இனி நாப்பது கிலோமீட்டருக்கு மேல சீமைக்கருவேல முள்ளும் மணலுந்தான், வண்டியில போயி காவேரி கலக்கற எடத்த எடுத்து முடிச்சர்லாம்னேன். அவனுக்கு மூஞ்சி மாறிப் போச்சு. நடக்காத எடத்த நடந்தேன்னு காட்டச் சொல்றியா மாப்ளன்னு கேட்டுட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஏப்ரல் கடைசி அது. அப்பறம் வாட்ஸப்புல ஒரு குட்மார்னிங் கூட இல்ல. அவன் கூப்புடட்டும்னு நான், நான் கூப்புடட்டும்னு அவன். தோள்பட்ட வலின்னு சொன்னது கூட எங்கிட்ட இல்ல, தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கருமாதி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு தங்கச்சி கூப்புட்டுச்சு. அண்ணா, இதையெல்லாம் என்ன பண்றதுங்கன்னு ஒரு முறுக்கு டப்பாவக் கொண்டாந்து வெச்சுது. ஏழு ஹார்ட் டிஸ்க்கு, இருவது முப்பது மெமரி கார்டு, எதுலயும் எழுத்து இல்ல. அதுக்குள்ள கல்யாண ஆல்பம் கேட்டு நாலு பார்ட்டி போன் போட்டுட்டாங்க, அட்வான்ஸ் குடுத்தவங்க, அவங்க மேலயும் தப்பு இல்ல. யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு அவன் பாக்கெட் நோட்டுல எழுதி வெச்சிருந்தது அந்த வீட்டு மானத்தக் காப்பாத்துச்சு. அவங்கூட வேல பாத்த ஒரு தம்பியும் நானும் உக்காந்து நாலு வேலையும் முடிச்சுக் குடுத்தோம். ஒரு கல்யாணக்காரரு மீதிப் பணத்துக்கு மேல அஞ்சாயிரம் வெச்சுக் குடுத்துட்டு எதுவும் பேசாமப் போனாரு.

போன் தொறக்கல. பையனுக்குப் பன்னெண்டு வயசு, அப்பனுக்குத் தெரியாம கேம் ஆட பேட்டர்ன் பாத்து வெச்சிருந்தான், பயந்து பயந்து போட்டுக் காட்டுனான், அவங்கம்மா திட்டவும் முடியாம அழுகவும் முடியாம நின்னுச்சு. லேப்டாப் கடைக்காரரு ஃபார்மட் பண்ணீர்லாமுங்களான்னு கேட்டாரு, கைய எடுங்க சாமின்னு புடுங்கீட்டு வந்தேன். அது பிட்லாக்கர்ங்கற பூட்டுக்குச் சாவி கேட்டுது, அந்தச் சாவி அவன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுல இருந்துது, அக்கவுண்டுக்குள்ள போக ஓடிபி அவன் நம்பருக்கு வந்துது. இதனால சொல்றேன், ஒருத்தர் தவறிட்டா அவரு சிம்முக்கு ரீசார்ஜ் போடறத உடனே நிறுத்தீராதீங்க, அந்த நம்பரு போனா பின்னாடி எல்லாக் கதவும் சாத்திக்கும். ஆனா அந்த ஓடிபிய வெச்சு பேங்க்குப் பணத்த மட்டும் எடுக்காதீங்க, அதுக்கு இறப்புச் சான்றிதழ், நாமினி, வாரிசு சான்றிதழ்னு நேர் வழி இருக்குது, வாரிசு சான்றிதழ் தாசில்தார் குடுப்பாரு, இ-சேவையில எழுதிப் போடலாம்.

இத்தன அலைச்சலும் ஒரு பத்து நிமிச வேலையில மிச்சமாயிருக்கும். கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு இருக்குது, இத்தன மாசம் நான் எட்டிப் பாக்கலைன்னா இன்னாருகிட்ட என் ஃபைலக் குடுன்னு முன்னாடியே சொல்லி வெக்கலாம், கொறஞ்சது மூணு மாசம். ஐபோன்லயும் அதே மாதிரி லெகசி கான்டாக்ட்னு இருக்குது. நான் எனக்குப் போட்டுட்டேன், சம்சாரத்தோட பேருல. அவ மொதல்ல இதென்னங்க அபசகுனமான்னு கையத் தட்டி உட்டா, அப்பறம் ஒரு நாள் ராத்திரி அவளே வந்து அவ போன நீட்டி எனக்கும் போடுங்கன்னா.

ஏழு டிஸ்க்குல ஒண்ணு கிளிக் கிளிக்னு சத்தம் போட்டுது. சத்தக்காரனான எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் வயித்துல புளியக் கரச்சுது, ஆனாலும் மறுபடி மறுபடி சொருகிச் சொருகிப் பாத்தேன், அதுதான் தப்பு. அந்தச் சத்தம் வந்தா உடனே கழட்டி வெச்சுட்டு ரெகவரி பண்றவங்ககிட்டக் குடுத்தரோணும், ஒவ்வொரு தடவ சுத்தறப்பவும் உள்ள இன்னும் கொஞ்சம் கீறிக்கிட்டுப் போகுமாம். கோயமுத்தூர்ல 28 ஆயிரம் குடுத்தும் பாதி கூட வரல. சூலூர்ல இருந்து சாமளாபுரம் வரைக்கும் எடுத்த படம் பூராம் போச்சு, சாமளாபுரம் குளத்துப் பறவைங்க, அவன் எடுத்ததுலயே நல்லதுன்னு அவனே சொன்னது. என்ர ரெக்கார்டர்ல சத்தம் மட்டும் இருக்குது. மூணு காப்பி, ரெண்டு வெவ்வேற பொருளுல, ஒண்ணு வேற வீட்டுலன்னு அவனுக்கு நான் சொல்லாத நாளில்ல. சொன்ன நானும் என் பங்குக்கு ஒரு காப்பி எடுத்து எங்கூட்டுல வெக்கல, அவங்கிட்டத்தான் இருக்குதேன்னு இருந்துட்டேன்.

இன்னொண்ணு, எழுத்து. இத்தன வருசம் சேந்து படம் எடுத்தோம், யாரு பங்கு எவ்வளவுன்னு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. கூட்டாளிகிட்டப் பேப்பர் கேக்கறது அசிங்கம்னு நெனச்சோம். ஒருத்தர் எடுத்த போட்டோவுக்கும் எழுதுனதுக்கும் காப்பிரைட்டு அவரு போனதுக்கப்பறமும் 60 வருசம் வாரிசுகளுக்குன்னு சட்டம் சொல்லுது, அப்ப அவன் பங்கு தங்கச்சிக்கும் கொழந்தைகளுக்கும்தான். வக்கீலக் கேட்டு, வர்ற காசுல பாதி அவங்களுக்கு, படத்துல என்ன வெட்டலாம் என்ன வெட்டக்கூடாதுங்கறதுல தங்கச்சி சொல்றதுதான் முடிவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கிட்டோம். காசு ஒண்ணும் வரப்போறதில்ல. ஆனா அந்தப் பேப்பர் போட்டதுக்கப்பறந்தான் அவங்க அண்ணன் தம்பிங்க என்னைய சந்தேகமாப் பாக்கறத நிறுத்துனாங்க. நல்ல ஆளுங்கதான், அவங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் பாத்திருப்பேன்.

டிஸ்க்குகள ஒவ்வொண்ணாத் தொறந்தா உள்ள ஃபைல் பேரு 'புதுசு', 'புதுசு ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்'. எந்த எடம், எந்த நாளுன்னு தலையும் தெரியல வாலும் தெரியல. அப்பத்தான் அவன் குரல் வந்துது. ஒவ்வொரு ஃபைல ஓட்டுனாலும் மொத அஞ்சு செகண்டுல எடம், கெழம, நேரம், காத்து. இரு நூத்து முப்பது சொச்சம் ஷாட்ட அவன் சொல்லச் சொல்ல நான் எழுதி வரிசப் படுத்துனேன், கடையில, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல, ஷட்டர பாதி எறக்கீட்டு. அவனே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கற மாதிரித்தான். சில நாளு நல்லா இருக்கும். சில நாளு 'மாப்ளைக்குப் பசி'ங்கற எடம் வந்ததும் மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிருவேன். எடிட்டிங்ல மொதல்ல வெட்டி எறியறது இந்தத் தலையும் வாலுந்தான், எந்த எடிட்டரும் அதத்தான் பண்ணுவான், வருசக் கணக்கா நானும் பண்ணேன். மொத மூணு படத்துல வெட்டுன துண்டெல்லாம் எடம் பத்தலைன்னு அழிச்சுட்டேன். துடும்பு படத்துல அவன் ஒரு நா முழுக்கப் பேசிக்கிட்டே எடுத்தான், அதுல ஒரு செகண்டு கூட இப்ப இல்ல.

போன மார்கழியில மீதிய நடந்தேன். தங்கச்சி அவன் ஷூவக் கொண்டாந்து இதப் போட்டுக்கிட்டுப் போங்கண்ணான்னுச்சு. அவனுக்கு ஒம்பது, எனக்கு எட்டு. ரெண்டு சாக்ஸ் போட்டும் ஆடுச்சு, அணை மதகு தாண்டி மூணாவது கிலோமீட்டர்ல குதிகால்ல கொப்புளம். ஷூவக் கழட்டிப் பையில கட்டிக்கிட்டு ரப்பர் செருப்புலயே நடந்தேன். இதுலயும் பாடம் கேட்டீங்கன்னா, ஒருத்தர் ஷூவ ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க, நடக்கறதுக்கு உங்க அளவுல வாங்கிக்கோங்க. பையனும் மொத நாளு வந்தான், இப்ப அவனுக்குப் பதினாலு. அப்பன மாதிரி வருவான்னு எல்லாரும் அவனையே பாக்கறது அவனுக்குப் புடிக்கலன்னு நெனைக்கறேன், மத்தியானம் வரைக்கும் முள்ளத் திட்டிக்கிட்டே வந்தான், சின்னமுத்தூர் போறதுக்கு முன்னாடியே மாமனுக்கு போன் போட்டு பைக்குல ஏறிப் போயிட்டான். போறப்ப தண்ணி பாட்டில மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போனான்.

மாப்ள சொன்னது செரிதான். அந்த நாப்பது சொச்சம் கிலோமீட்டர் வெறும் முள்ளும் மணலும் இல்ல. நடுவுல ஆளுங்க பேசற கொரல் மாறுது, தென்னை போயி பனை வருது, கொஞ்ச எடத்துல மணல் ஈரமா இருந்து கால் வெச்ச தடத்துல தண்ணி ஊறுது. அந்தத் தண்ணிய யாரும் குடிக்கறதில்ல. வண்டியில போயிருந்தா எனக்கு இதெல்லாம் எங்க தெரிஞ்சிருக்கும்.

மூணாவது நாளு பொழுது சாயறதுக்கு முன்னாடி காவேரிக் கரையில இருந்தேன். எதுத்த கரை நாமக்கல் மாவட்டம். கலக்கற எடம்னு தனியா ஒண்ணும் தெரியறதில்லீங்க, இவ்வளவு நடந்து வந்தவனுக்கே அது இதுதானான்னு சந்தேகமா இருந்துது. மைக்க மணல்ல நட்டு, குல்லாய மாட்டி, பதிவு போட்டேன். எடம், கெழம, நேரம் நான் சொல்லல, வாய் வரல. சாமளாபுரத்துக்கு படம் இல்லாததால அந்த எடத்துல திரையக் கறுப்பாவே உட்டுட்டு சத்தத்த மட்டும் ஓட்டறதுன்னு முடிவு பண்ணியிருக்கறேன், அதே மாதிரி இங்கயும் நெறய வெறுஞ்சத்தம் எடுத்துக்கலாம்னு அசையாம நின்னேன்.

பரிசல் தள்ளிக்கிட்டு வந்த ஒரு பெரியவரு பக்கத்துல நின்னாரு. "என்னங் தம்பி புடிக்கறீங்க?"

"ஆத்துச் சத்தமுங்க."

அவரு காதக் குடுத்துக் கேட்டாரு, நல்லாத்தான் கேட்டாரு. "ஒண்ணும் கேக்கலீங்களே."

"இப்பிடியே கொஞ்ச நேரம் நின்னாக் கேக்குமுங்க."

நின்னாரு. பாவம், மடியில பொட்டலத்த எடுத்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுனாரு, சத்தம் வராம. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருந்தேன். இருவத்தஞ்சு வரைக்கும் போயிருக்கும், "ஆச்சுங்களா?"ன்னாரு.

அதும் சேந்துதான் பதிவாயிருக்குது. நாலு நிமிசம் பன்னெண்டு செகண்டு. கட் பண்ணல.